'வேறு' என்ற பொத்தான்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அட்டைப்பெட்டி செய்யும் இடம். வெட்டுவது, மடிப்பது, பசை போடுவது, கட்டுவது எல்லாவற்றுக்கும் நான்தான் மேற்பார்வை. கத்திக் கத்தி என் தொண்டை தகரமாகிவிட்டது. முதலாளியே என்னிடம் பேசும்போது ஓரடி தள்ளி நின்றுதான் பேசுவார். அப்பேர்ப்பட்ட எனக்கு, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல ஆகிவிட்டது.

என் அண்ணனும் இதே பட்டறையில்தான், தங்கச்சி என்னை இந்த வயதிலும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். ஒரு காலத்தில் பஞ்சிங் மெஷின் அவன் கையில் இருந்தது. இரண்டு பெரிய இரும்புப் பலகைகள், புத்தகம் மூடுவதுபோல மூடித் திறக்கும். திறந்திருக்கும் நேரத்தில் வெட்டிய அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டையை வைக்க வேண்டும். அண்ணன் வைத்தால் ஒரு நூல் கூடக் கோணாது. அடுத்த தெருவில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

அந்த மெஷினுக்கு மேலே முதலாளி முன்பே ஒரு கேமரா மாட்டியிருந்தார். உள்ளே கை இருந்தால் மெஷினை நிறுத்திவிடுமாம். ஆனால் அது தானாக எதையும் முடிவு செய்யாது. படத்தை எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து 'கைதான்' என்று பதில் வந்த பிறகே மெஷின் நிற்கும். பசை போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், வாய் ஓயாததால் அவருக்கு ரேடியோ என்று பேர். "இது போன் போட்டுக் கேட்டுட்டு வர்ற கேமராப்பா, நம்ம விரல்தான் அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.

ஒரு மழை நாளில் நெட் இழுத்தது, பதில் தாமதமாக வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, மெஷினும் நின்றது, சொன்னபடி எல்லாம் நடந்தது. அதற்குள் அண்ணனின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

காயம் ஆறியதும் அவனைப் பின்பக்கம் கட்டுக் கட்டும் வேலைக்குப் போட்டார்கள். யாரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை, என்னைத் தவிர. என் மகள் படிப்பு முடித்த அன்று குடும்பமாக நின்று போட்டோ எடுத்தோம். "அண்ணா, கையைக் கொஞ்சம் பின்னாடி வெச்சுக்கோயேன்" என்றேன். வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு போட்டோவிலும் மறக்காமல் சொன்னேன். அவனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்றுதான் சொல்கிறேன் என்று அண்ணியிடம் பூசி மெழுகினேன். சங்கடம் எனக்குத்தான். என் அண்ணனுடைய கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, பிறர் அதைப் பார்ப்பதை நான் பார்க்கவும் பிடிக்கவில்லை.

போன மாதம் புதுக் கேமரா வந்தது. கூடவே சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதை மாட்ட ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும் வராததுமாக ரேடியோ கேட்டார்:

"இது யாருக்கும்மா போன் போடும்?"

"யாருக்கும் போடாதுங்க. இந்தப் பெட்டிக்குள்ளயே பார்த்து, இங்கேயே முடிவெடுத்து, இங்கேயே நிறுத்திடும். நெட் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நீங்க கண் சிமிட்டுறதுக்குள்ள நின்னுடும்."

"அப்ப முதலாளி வீட்ல உக்காந்துக்கிட்டு நாங்க எத்தனை தடவை எந்திரிச்சுப் போறோம்னு பார்க்க முடியாதா?"

"முடியாது. படம் இந்தப் பெட்டியை விட்டு வெளிய போகாது."

"அடடா, இவ்வளவு நல்ல பெட்டியை ஏம்மா இத்தனை நாளா கண்ல காட்டல?" என்றார் ரேடியோ. முதலாளிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

பெட்டிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். எங்கள் பட்டறையின் வெளிச்சம், எங்கள் அட்டை, எங்கள் கைகள் அதற்குப் பழக வேண்டுமாம். மெஷினை அணைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கையை உள்ளே நீட்டினோம். வெறும் கை, உறை போட்ட கை, பசை அப்பிய கை. அட்டைத் துண்டு, துடைக்கிற துணி, தூரிகை எல்லாவற்றையும் காட்டினோம். பெட்டிக்குச் சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிய திரையில் போட்டு, 'இது என்ன?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'கை'. இன்னொன்றில் 'வேறு'. 'கை' என்று அமுக்கினால் அந்தப் படம் மேலே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும், எல்லோரும் பார்க்கும்படி. 'வேறு' என்று அமுக்கினால் மறைந்துவிடும். அமுக்கும் வேலையை அந்தப் பெண் என்னிடம் கொடுத்தாள். இந்தப் பட்டறையை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது என்று முதலாளி சொன்னாராம். எனக்குக் கேட்கவா வேண்டும்!

மத்தியானத்துக்கு மேல் அண்ணன் பின்பக்கத்திலிருந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்து, அட்டை வைக்கிற பாவனையில் மெஷினுக்குள் நீட்டினான். பெட்டி குழம்பிப்போய்ப் படத்தைத் திரையில் போட்டது. என் தலையை விடப் பெரிதாக அண்ணனின் கை. விரல்கள் இருந்த இடத்தில் தழும்பு பளபளவென்று, ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டார். அவர் வாயே நின்றுபோனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மடிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் படம் அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது எனக்கு. 'வேறு' என்று அமுக்கினேன்.

மறைந்தது. அண்ணன் கையையே பார்த்தவர்கள் என் விரலைக் கவனிக்கவில்லை. அவன் கையைத் திருப்பிக் காட்டினான். பெட்டி மறுபடி கேட்டது. மறுபடி அமுக்கினேன். இன்னொரு தரமும் கேட்டது, இன்னொரு தரமும் அமுக்கினேன். அதன் பிறகு அது கேட்கவில்லை, அதற்குத் தெளிவாகிவிட்டது. அந்தப் பெண் அப்போது ஏணி மேல் நின்று ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். போனால் போகிறது, அவன் இனி இந்த மெஷின் பக்கம் வரவா போகிறான் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சமாதானம் இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, என்னைப் பார்த்து, "புது ஆளுங்க வைக்கிற அட்டை பாதி கோணலாப் போகுது. பெட்டி சோதனை முடிஞ்சதும் உங்கண்ணனையே மெஷின்ல நிக்கச் சொல்லப் போறேன். அவர் சரின்னுட்டார்" என்றார்.

அவன் கையைக் கையே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிற பெட்டியின் கீழே, மிச்சம் இருக்கும் இரண்டு விரலோடு அவன் நிற்கப் போகிறான். 'ஐயா, ஒரு நிமிஷம்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். "உங்கண்ணன் இன்னைக்குத்தான் மனசு விட்டுச் சிரிச்சார். பழைய காக்கிச் சட்டையை எடுத்து அவரே தேய்ச்சு வெச்சிருக்கார். நீ பக்கத்துல இருக்கேன்னுதான் எனக்குத் தைரியம்" என்றாள். "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சோதனைக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் போனால் திரை பூட்டியிருந்தது, அந்தப் பெண் இல்லாமல் திறக்காது. அவள் முதலாளியோடுதான் வந்தாள். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

"முதல்ல மெஷினை ஓட்டாம விளக்கை மட்டும் பார்ப்போம். கை உள்ளே இருந்தா சிவப்பு, இல்லேன்னா பச்சை" என்றாள் அந்தப் பெண். ஒவ்வொருவராக நீட்டினோம். நீட்ட நீட்டச் சிவப்பு, எடுக்க எடுக்கப் பச்சை. நடுவில் நெட் ஒயரைப் பிடுங்கிக் காட்டினாள். அப்போதும் சிவப்பு, அதே வேகம். ரேடியோ ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்த்தார், அதற்கும் சிவப்பு. "என் பொண்டாட்டி கூட இவ்வளவு சீக்கிரம் என்னைக் கண்டுபிடிச்சதில்ல" என்றார். முதலாளியே சிரித்துவிட்டார்.

கடைசியாக அண்ணன் வந்தான். தேய்த்த காக்கிச் சட்டை, சவரம் செய்த முகம். வலது கையை உள்ளே நீட்டினான்.

பச்சை.

எடுத்துவிட்டு மறுபடி நீட்டினான். பச்சை. உள்ளங்கையைத் திருப்பினான். பச்சைதான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். திறந்தேன். ஆனால் வந்தது என்ன தெரியுமா? "என்னம்மா பெட்டி இது? ஒழுங்கா வேலை பார்க்கத் தெரியாதா உனக்கு? ஒரு மனுஷன் கையைக் கூடக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத பெட்டியைக் கொண்டுவந்து எங்க தலையில கட்டப் பார்க்கிறியா?" என்று அந்தப் பெண்ணைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். கத்தக் கத்த என் காதே அடைத்தது. அவள் முகம் சிவந்துபோனது, ஆனால் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"பெட்டிக்குச் சந்தேகமே இல்லைங்க. தெரியாத பொருளா இருந்தா 'இது என்ன'ன்னு கேக்கும், மெஷினையும் ஓட விடாது. இதைக் கேக்கவே இல்ல. யாரோ இது கை இல்லைன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க."

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி விடுங்க. எதுக்கு வம்பு? நீங்க கட்டுக் கட்டுற இடத்துலயே இருங்க" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தலையாட்டினான். கை பைக்குள் போனது. போகும்போது என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவன் சும்மா பார்த்தான்.

"நான்தான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான் அமுக்கினேன். 'வேறு'ன்னு. மூணு தடவை. எல்லாரும் பார்க்குறாங்களேன்னு..." பட்டறை முழுக்க என்னைப் பார்த்தது. மடிக்கிற பெண்களில் ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் யார் யாரை என்னென்ன பேசியிருப்பேன், அந்தத் தரையில் நின்றுகொண்டு! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன்தான் பேசினான். "தெரியும் பாப்பா. அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்தியா? பார்த்துட்டு ஏண்ணா சும்மா இருந்த?"

"நீயே மாத்திடுவேன்னு நினைச்சேன். இன்னைக்குக் காலைல வரைக்கும் நினைச்சேன்."

அந்தப் பெண்தான் அந்த நேரத்தைக் கடத்தினாள். எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இங்கேயே இப்போதே பெட்டிக்கு மாற்றிச் சொல்லிவிடலாம் என்றாள். அண்ணன் கை எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும், யாராவது பிடித்துத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பிடித்தேன். காயம் பட்டதிலிருந்து அந்தக் கையை நான் தொட்டதே இல்லை. கரடுமுரடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தழும்பு குழந்தைக் கன்னம் மாதிரி மிருதுவாக, சூடாக இருந்தது. நிமிர்த்தி, கவிழ்த்து, சாய்த்துப் பிடித்தேன். பெட்டி ஒவ்வொரு தரமும் 'இது என்ன?' என்று கேட்டது. ஒரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் 'கை' என்று அமுக்கினேன். கண்ணீரில் பொத்தான் சரியாகத் தெரியவில்லை. "பார்த்து அமுக்கு, மறுபடி மாத்தி அமுக்கிடாதே" என்றான். ரேடியோ சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருமினார். திரையின் மேல்வரிசை அண்ணனின் கையால் நிரம்பியது.

அரைமணி கூட ஆகவில்லை. அவன் நீட்டியதும் சிவப்பு எரிந்தது. பிறகு மெஷினை ஓட்டி, ஒரு கழியின் நுனியில் அவன் கையின் படத்தை ஒட்டி நீட்டினார்கள். பலகை அசையாமல் நின்றது. வெளிச்சத்தைக் குறைத்தும், உறையைப் போட்டும், பசையைப் பூசியும் அந்தப் பெண் அவனைத் திரும்பத் திரும்பச் சோதித்தாள். அவளுக்குத் திருப்தியான பிறகுதான் அண்ணன் முதல் அட்டையை வைத்தான். ஒரு நூல் கோணவில்லை. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டினார். நான் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கிளம்பும் முன் அவள் ஒரு போட்டோ வேண்டும் என்றாள், பெட்டி மாட்டிய எல்லா இடத்திலும் எடுப்பார்களாம். மெஷினுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கி நின்றோம். அண்ணனை நடுவில் நிறுத்தினார்கள், எனக்குப் பக்கத்தில். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் போனைத் தூக்கியதும், நான் ஒன்றும் சொல்லாமலே, அவன் வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டான்.