முனியப்பர் வேலில் ஒரு பிராது

குருநாதனுக்கு நிம்மதி போய் ஆறு வருஷம் ஆயிற்று. அது போன நாளும் அவருக்குத் தெரியும், போன இடமும் தெரியும். தெரிந்துகொண்டே மனுஷன் அதை வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தார். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மூட்டை வெங்காயம் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரதோஷத்துக்கு பஸ் மாறி பஸ் ஏறி கங்கைகொண்ட சோழபுரம் போய் நந்திக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பு என்று கேள்விப்பட்டு அதிலும் சேர்ந்தார். ரிட்டயர்டு டீச்சர் வெற்றிச்செல்வி என்பவர் நடத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, நமக்குக் கெடுதல் செய்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து மன்னித்துவிட வேண்டும், மனசு லேசாகிவிடும் என்றார் டீச்சர். குருநாதன் வரப்பைத் தள்ளிப் போட்ட பங்காளியை மன்னித்தார். கரண்ட்டைப் பிடுங்கிவிட்ட லைன்மேனை மன்னித்தார். கல்யாணச் சாப்பாட்டில் குறை சொன்ன சம்பந்தியையும் மன்னித்தார். மூன்றாவது வாரத்தோடு மன்னிக்க ஆள் தீர்ந்துபோனது. நெஞ்சில் கிடந்தது மட்டும் அப்படியே கிடந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு அந்த மண்டபத்தில் வகுப்பு இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, ஊரில் அவர் பெயர் ஏறிக்கொண்டே போனது. முன்னெல்லாம் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிற மனுஷன் இப்போது அதிர்ந்து பேசுவதில்லை. நெற்றி நிறையத் திருநீறு. களை எடுக்க வருகிறவர்களுக்குத் தன் கையால் மோர் ஊற்றிக் கொடுக்கிறார். சாமி மாதிரி மனுஷன் என்று ஊரே சொன்னது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மோர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான்.

அந்த மாசியில் அவருக்குச் சின்ன வெங்காயம் அமோகமாக விளைந்திருந்தது. பிடுங்கிப் போட்ட இரண்டாம் நாள் மேற்கே கருக்கிக்கொண்டு வந்தது. வெங்காயம் என்றால் தாள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டறையில் ஏற்ற வேண்டும். பட்டறை என்பது, தரைக்கு மேலே கட்டை கட்டி, சோளத்தட்டையால் சுவர் வைத்து, வெங்காயத்தை மாதக்கணக்கில் காற்றோட்டமாகச் சேர்த்து வைக்கிற இடம். காவலுக்கு இருந்த மதுரைவீரன் ஒரு வெங்காயத்தை நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான், இன்னும் பச்சை இருக்கிறது, தார்ப்பாயைப் போட்டு மூடுவோம், ரெண்டு நாள் போகட்டும் என்று. காவல்காரன் தனக்கு வெங்காயம் சொல்லிக் கொடுப்பதா என்று குருநாதனுக்குச் சுருக்கென்றது. பச்சையாகவே ஏற்றினார். மழையும் அன்றைக்கு வராமல் போக்குக் காட்டிவிட்டுப் போனது.

ஆனியில் விலை எகிறியது. ஒருநாள் காலையில் பார்த்தால் பட்டறையின் ஒரு மூலை முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் திருட்டு நடந்துகொண்டிருந்த நேரம். குருநாதன் நேராகப் பால் சொசைட்டிக்குப் போனார். ஊர் முழுக்கக் கேனும் கையுமாக நிற்கிற நேரம் அது. மதுரைவீரனும் ஒற்றை மாட்டுப் பாலோடு வரிசையில் நின்றான்.

"என் பட்டறையில கை வச்சிட்டியேடா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மதுரைவீரன் இல்லைங்க, நான் எடுக்கலைங்க என்று இரண்டு தடவை சொன்னான். அவன் எந்தத் தெருக்காரன், அவனுடைய அப்பன் யார் வீட்டுப் பண்ணையில் இருந்தான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. சொசைட்டியில் அன்றைக்கு அவனுடைய பாலை ஊற்றிக்கொள்ளவில்லை.

அதோடு விட்டாரா? ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் ஒரு முனியப்பர் இருக்கிறார். பொருள் தொலைத்தவர்கள், ஏமாந்தவர்கள் எல்லாம் எதிராளியின் பெயரைத் தாளில் எழுதி முனியப்பரின் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது என்று பெயர். தொண்ணூறு நாளில் முனி கணக்குத் தீர்ப்பார் என்று நம்பிக்கை. குருநாதன் அங்கே போய், மதுரைவீரன், தகப்பன் பெயர், ஊர், தெரு என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிவிட்டு வந்தார்.

ஆடித் தேருக்கு ஊரே போயிருந்த மத்தியானம், தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்ட குருநாதன் தனியாகப் பட்டறையைப் பிரித்தார். மேலே முழுசு. நடுவில் கையை விட்டால் கறுப்புக் கூழ். வெங்காயம் ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. பச்சை ஏறிய இடம் வெந்து அழுகி அமுங்கியிருந்தது. நாற்றத்தில் குடலைப் புரட்டியது. உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி அத்தனையையும் போட்டு மூடினார். தேர் நிலைக்கு வருவதற்குள் குளித்துத் திருநீறும் பூசிக்கொண்டார். மனைவி சிந்தாமணியிடம்கூட மூச்சு விடவில்லை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லலாம் சொல்லலாம் என்று இருக்கும்போதே, திருட்டுப் பட்டம் வாங்கியவனுக்கு யார் காவல் வேலை கொடுப்பார்கள், மதுரைவீரன் திருப்பூர்ப் பக்கம் ஏதோ சாயப்பட்டறைக்குப் போய்விட்டான். அங்கே நெஞ்சுச் சளி பிடித்து, இளைத்து, போன ஐப்பசியில் செத்தும் போனான். முனி அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. குருநாதன் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். சாமியையே பொய்ச்சாட்சிக்கு இழுத்தாயிற்று, இனி எந்தச் சாமியிடம் போய் நிம்மதி கேட்பது?

கடைசியில் தை மாதத்தில் முந்திரிக்காட்டுக்கே போனார். வேலில் தாள்கள் கற்றை கற்றையாகத் தொங்கின. அவருடையது எது என்று தெரியவில்லை. பூசாரியோ, நினைத்தபோது கட்டலாம், நினைத்தபோது அவிழ்க்க முடியாது என்றார். பிராது யார் பேரில் இருக்கிறதோ அவன் கூட வந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அவன் இல்லையென்றால் அவன் பெண்டாட்டியோ பிள்ளையோ வர வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பெயர் திருடனாகத்தான் தொங்கும் என்றார்.

பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் மதுரைவீரனின் மகன் அறிவரசன் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. மகன் ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தான். மதுரைவீரனின் மனைவி இருசம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வாடி போடி என்றுதான் குருநாதன் அவளைக் கூப்பிடுவார். அன்றைக்கு 'இருசம்மா' என்று ஆரம்பித்து, 'நல்லா இருக்கீங்களா' என்று முடித்தார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பச்சையாக ஏற்றியது, அழுகியது, குழி வெட்டியது, பிராது கட்டியது. சொல்லி முடிக்கும்வரை அவள் கையில் முறம் நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

அவர் விழித்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு அப்பவே தெரியும். பட்டறை எறங்குறதுக்கு முன்னாடியே கைய உட்டுப் பாத்துருக்காரு, சூடா இருந்துச்சாம். சொசைட்டியில வச்சுச் சொல்ல வேண்டியதுதானய்யான்னு நான் கத்துனேன். சொன்னா, பச்சையா ஏத்திப்புட்டாருன்னு ஊரு உங்கள பாத்து சிரிக்கும்னாரு. பட்டறையப் பிரிச்சா உங்களுக்கே தெரிஞ்சிரும், தெரிஞ்சதும் வந்துருவீங்க, நல்ல மனுஷன்னாரு."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"திருப்பூர்ல இருமிக்கிட்டு கெடந்தப்பவும் கேட்டாரு, ஊர்லேருந்து யாராச்சும் வந்தாங்களான்னு."

குருநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷமாக எத்தனை சந்நிதியில் உட்கார்ந்திருப்பார், எங்கேயும் இப்படி அழுகை வரவில்லை. அழட்டும் என்று அவள் விட்டாள். பிறகு, தான் முனியப்பர் கோயிலுக்கு வருவதாகவும், அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது என்றும் சொன்னாள். காட்டுக்குள் சாமி காதில் குசுகுசுவென்று சொல்லிவிட்டு வந்தால் ஆயிற்றா? திருடன் என்று எந்த இடத்தில் சொன்னாரோ அந்த இடத்தில், அதே நேரத்தில், அதே ஆட்கள் முன்னால் இல்லை என்று சொல்ல வேண்டும். ஊர் நம்பிய அன்றைக்கு அவள் வருவாள்.

குருநாதனுக்கு அன்றிரவு ஆறு வருஷத்துக்குப் பிறகு தூக்கம் வந்தது. இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தார். அவமானம்தானே, பட்டுவிட்டுப் போகலாம்.

காலை ஆறு மணிக்குச் சொசைட்டி வாசலில் நின்று சொன்னார். மதுரைவீரன் எடுக்கவில்லை, நான்தான் பச்சையாக ஏற்றி அழுகவிட்டேன், தெரிந்த பிறகும் மறைத்தேன், அவன் உயிர் என்னால்தான் போனது என்றார். கேன் சத்தம் நின்றது. காறித் துப்புவார்கள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். துப்பட்டும் என்றுதான் இருந்தது.

பால் அளக்கிற செந்தில்குமார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசுங்கய்யா உங்களுக்கு. செத்தவன் பேரு கெடக் கூடாதுன்னு பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. யாருக்கு வரும் இந்த மனசு!"

இல்லையப்பா, நிஜமாகவே நான்தான் என்றார் குருநாதன். எல்லோரும் தலையாட்டினார்கள். ராசாங்கம் என்ற பெரியவர், முனியே தீர்ப்புச் சொன்ன வழக்கு, அதில் இனி என்ன இருக்கிறது, ஆனாலும் உங்களைப் போல ஓர் ஆள் இந்த ஊரில் இருப்பது நாங்கள் செய்த புண்ணியம் என்றார். குழியைத் தோண்டிக் காட்டுகிறேன் வாருங்கள் என்று குருநாதன் கத்தினார். ஆறு வருஷத்து வெங்காயம் மண்ணாகத்தானே இருக்கும் என்று யாரோ அன்பாகச் சொன்னார்கள். அவர் உரக்கக் கத்தியது ஊருக்கு ஆச்சரியமாக இருந்தது. வெயிலுக்கு முந்தி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சிந்தாமணிக்கு ஆள் விட்டார்கள். பூசிய திருநீறும் ஊற்றிக் கொடுத்த மோரும் பெருமாளுக்குச் சுமந்த மூட்டையும் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

மத்தியானமே பெரம்பலூருக்கு பஸ் ஏறினார். இருசம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நம்பினார்களா என்று மட்டும் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"திருடன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னீங்க. அவரு ரெண்டு தடவ இல்லைன்னாரு. ஆனாலும் உங்க பேச்சத்தான் ஊரு நம்புச்சு." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நாளைக்கும் போய்ச் சொல்லுங்க."

"எத்தன நாளைக்கும்மா?"

"அவரு அஞ்சு வருஷம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குருநாதன் வெறுங்கையோடு சொசைட்டிக்குப் போய், மதுரைவீரன் நின்ற அதே இடத்தில் நின்று வாயைத் திறந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் செந்தில்குமார் எழுந்து, முதல்ல உட்காருங்கய்யா என்று தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.