துணிதான் சுருங்கும்

அந்தத் தையல் கடையில் எந்த ஆணும் பெருத்ததில்லை. துணிதான் சுருங்கும். போன வருஷம் தைத்த பேன்ட்டைச் சுருட்டி எடுத்து வந்து, "என்னங்க துணி இது, ரெண்டு தடவை துவைச்சதுமே பட்டன் எட்ட மாட்டேங்குது" என்று கேட்பவரிடம் தையல்காரர் முகம் மாறாமல், "ஆமா சார், இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தான். குடுங்க, பிரிச்சு விடுறேன்" என்பார். வந்தவர் நிம்மதியாகப் போவார். மறுபடியும் வருவார். உங்களுக்குத் தொப்பை விழுந்துவிட்டது என்று சொன்னால் அவர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். தொழில் தொடங்கிய புதிதிலேயே தையல்காரர் கற்றுக்கொண்டது இது.

புதிதாக அளவெடுக்கும்போது வேறோர் ஏற்பாடு. அவர் அளவைச் சொல்லச் சொல்ல, வெட்டு மேஜைக்குப் பின்னால் நிற்கும் மனைவி துணியின் உள்மடிப்பில் சாக்பீஸால் குறித்துக்கொள்வாள். இடுப்பு வரும்போது மட்டும் ஆளின் பழைய அளவைச் சொல்லிவிட்டு, டேப்பின் தகர முனையால் மேஜை விளிம்பைத் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஓர் அங்குலம். "முப்பத்தி நாலு" என்பார்; டக், டக். அவள் முப்பத்தாறு என்று எழுதுவாள். கேட்பவர்கள் அதைக் கைப்பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படித் தட்டியதில் அவருக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை, மாப்பிள்ளை அந்தக் கதையைச் சொல்லும் வரை.

மாப்பிள்ளை என்பது தங்கையின் கணவர். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கி உயர்ந்தவர். மேற்பார்வையாளர் ஆனதும் கண்ணாடி அறையில் சுழல் நாற்காலி கொடுத்தார்கள். அதன்பின் அவர் எழுந்து நடப்பது இரண்டு காரியத்துக்குத்தான்: ஒன்று டீ, மற்றொன்று சிகரெட். ஆனால் அவர் பெல்ட் மட்டும் கட்டமாட்டார். "பெல்ட் கட்டுறவன் யாரு தெரியுமா? நல்ல தையல்காரன் கிடைக்காதவன்" என்று கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். அதைக் கேட்கும்போதெல்லாம் தையல்காரருக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று மாலை மாப்பிள்ளை கடைக்குள் நுழைந்தபோதே சிரித்துக்கொண்டு வந்தார். கடை மாடியில் இருந்தது. படியேறி வந்த மூச்சு அடங்கும் வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கதையைக் கேளுங்க" என்றார் தையல்காரரின் மனைவியிடம். "கம்பெனியில டாக்டருங்களைக் கூட்டிட்டு வந்து எங்க எல்லாரையும் வரிசையில நிறுத்திட்டாங்க. ஒரு நர்ஸம்மா டேப்போட நிக்குது. இடுப்பு பெரிசா இருக்கிறவனையெல்லாம் ரத்தம் எடுக்க அந்தப் பக்கம் தள்ளி விடுறாங்க. என் முறை வந்துச்சு. 'அம்மா, எனக்கு அளவெடுக்கக் குடும்பத்துலயே ஆள் இருக்கு. கல்யாணத்தன்னைக்கு முப்பத்தி நாலு, இன்னைக்கும் முப்பத்தி நாலு'ன்னேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. 'எங்க மச்சான் தையல்காரர்மா, அவர் கை பொய் சொல்லாது'ன்னேன். பின்னாடி ஒரே கூட்டம். சரி போங்கன்னு விட்டுருச்சு!"

"ஊசிக்குப் பயந்துட்டு ஓடி வந்துட்டீங்கன்னு சொல்லுங்க தம்பி" என்றாள் அவள்.

"பயமா? எனக்கா? உடம்புல ஒண்ணும் இல்லாதவனுக்கு எதுக்கு ஊசி? தண்ணி இருக்கா அக்கா?"

பாட்டிலை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "என்ன வெயிலு" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது.

தையல்காரரும் சிரித்துவைத்தார். ஆனால் மாப்பிள்ளை போன பிறகு ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தபோதும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. *அவர் கை பொய் சொல்லாது.* மாப்பிள்ளைக்குக் கடைசியாக மேஜையில் ஐந்து தடவை தட்டியது இதே கைதான்.

மறுவாரம் ஒரு பெண் வந்தாள். டாக்ஸி ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி. பையிலிருந்து மூன்று பேன்ட்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். எல்லாம் இவர் தைத்தவை. எல்லாம் பிரித்து விட்டவை.

"இடது காலை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ தைச்சு மூடிடணும்" என்றாள்.

தையல்காரருக்குப் புரியவில்லை. "மூடணுமா?"

"எடுத்துட்டாங்க. சர்க்கரை. இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. கால் விரல்ல சின்னதா ஒரு புண்ணு. ஷூ கடிச்சதுன்னு பிளாஸ்டரைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டிட்டு இருந்தாரு. வலிக்கவே இல்லையாம். வலிச்சிருந்தாலாவது போயிருப்பாரு." அவள் குரலில் அழுகை இல்லை, பலரிடம் சொல்லிச் சொல்லி வார்த்தைகள் வழவழப்பாகியிருந்தன. "இடுப்பையும் நல்லா பிடிச்சுக் குடுங்க, ஆளு பாதியாயிட்டாரு. இந்தத் தடவை துணி சுருங்கலை பாருங்க."

அவள் எந்தக் குத்தலும் இல்லாமல்தான் சொன்னாள். தையல்காரர் குனிந்து துணியைப் புரட்டினார். உள்ளே, பின்தையலின் இரு பக்கமும், ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்த பழைய தையல்களின் ஊசித் துளைகள் வரிவரியாகத் தெரிந்தன. மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல ஒவ்வொரு வருஷமும் அதில் இருந்தது. ஒரு வரி வந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பார். இரண்டு காலோடு போயிருப்பார்.

அன்று அந்தக் காலை மூடித் தைத்தது அவர்தான். மனைவியிடம் கொடுக்கவில்லை. நேர்த்தையல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர், மூன்று தடவை பிரித்துத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லேன். உன் பேச்சுன்னா அவருக்கு வேதம்" என்று தொடங்கினாள். "ராத்திரியில நாலு தடவை பாத்ரூமுக்கு எந்திரிக்கிறாரு. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட வாங்கன்னா, 'உங்க அண்ணன்கிட்டயே கேளு, ஒரு இஞ்சாவது ஏறியிருக்கேனான்னு'ங்கிறாரு. நிஜமாவே ஏறலையா அண்ணே?"

தையல்காரர் வாயைத் திறந்தார். வாசலில் யாரோ பழைய சட்டையோடு நின்றார்கள். "பார்க்கிறேம்மா. வரட்டும், பேசுறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

தங்கை படியிறங்கிப் போனதும் மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"கூடப் பொறந்தவகிட்டயும் துணி சுருங்குச்சுன்னே சொல்லியிருக்கலாமே. எதுக்கு நடுவுல நிறுத்திட்டீங்க?"

"நீயும்தானே எழுதின?"

"எழுதினேன். இல்லைன்னு சொன்னேனா? அதனாலதான் எனக்கும் சோறு இறங்க மாட்டேங்குது."

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டப் போனார். ஒரு தட்டை ஒப்புக்கொண்டால் எல்லாத் தட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாகத் தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று மாப்பிள்ளை நினைப்பார். நினைக்காமல் என்ன செய்வார்? அதுதானே உண்மை. இந்த நினைப்போடே தையல்காரர் அந்த வாரம் முழுவதும் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். வழக்கமாக அது இருப்பதே தெரியாது. இப்போது கனத்தது.

மாப்பிள்ளையின் மகளுக்குப் பட்டமளிப்பு விழா நெருங்கியது. அதற்குக் கோட்டும் பேன்ட்டும் தைக்கவேண்டுமென்று துணியோடு வந்தார் அவர். தையல்காரர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, செல்போனை வெளியே எடுத்து, எதையோ படிப்பதுபோல் வெகுநேரம் பாவனை செய்தார் மாப்பிள்ளை. திரையில் வெளிச்சமே இல்லை.

"மச்சான், இந்தத் தடவை அசத்திடணும். பொண்ணுக்குப் பட்டமா, அப்பனுக்குப் பட்டமான்னு ஊரே குழம்பணும்."

"ஷூவைக் கழட்டுங்க மாப்பிள்ளை. முதல்ல நீளத்தைப் பார்த்துடுவோம்."

தையல்காரர் மண்டியிட்டார். மாப்பிள்ளையின் சாக்ஸையும் உருவியபோது கணுக்காலைச் சுற்றி ஆழமான வளையம் பதிந்திருந்தது. பெருவிரலுக்கு அடுத்த விரலில் ஒரு பிளாஸ்டர். போன தடவை பேன்ட் தைக்கும்போதும் அதே விரலில்தான் இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது என்ன?"

"புது ஷூ கடிச்சிருச்சு."

மாப்பிள்ளை போட்டிருந்த பேன்ட்டின் கீழ்மடிப்பில் குண்டூசி குத்தி உயரம் பார்க்கப் போனார். கண் பிளாஸ்டர் மேலேயே இருந்தது. ஊசி வழுக்கி, பிளாஸ்டருக்குப் பக்கத்திலேயே பாதத்தில் இறங்கியது. சட்டென்று பிடுங்கினார். ஒரு சொட்டு ரத்தம் முத்துப்போல் எழும்பி நின்றது.

மேலே மாப்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தார். "...கலர் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு உங்க தங்கச்சிதான் சொன்னா. வயசுக்கு ஏத்த மாதிரி இருந்தா போதும்னு நான் சொன்னேன். என்ன மச்சான், கீழயே உட்கார்ந்துட்டீங்க?"

அவருக்குத் தெரியவே இல்லை. ஊசி குத்தியது தெரியவில்லை.

தையல்காரர் சாக்ஸை மாட்டிவிட்டு மெல்ல எழுந்தார். டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வழக்கம்போல் மூச்சை உள்ளே இழுத்தார்.

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேனே."

"இன்னும் விடுங்க மாப்பிள்ளை."

மேஜைக்குப் பின்னால் மனைவி சாக்பீஸோடு காத்திருந்தாள். முப்பத்தி நாலு என்ற சொல்லுக்கும் அதன்பின் வரும் தட்டுகளுக்கும் அவள் காது பழகியிருந்தது. தையல்காரர் டேப்பின் முனையைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"நாற்பத்தி ஒண்ணு" என்றார்.

"யாருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

 அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத்தான். போன தடவை முப்பத்தி ஒம்பது. ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. நான்தான் சொல்லலை. துணி சுருங்கவே இல்லை மாப்பிள்ளை."

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு தையல்காரரின் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "அந்த நர்ஸம்மாகிட்ட நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னேன்" என்றார் மெதுவாக. "உங்களுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சிரிப்பா இருந்திருக்கும்." ஷூவுக்குள் காலைத் திணித்தார். லேஸ் கட்டவில்லை. துணியை எடுத்துக்கொள்ளாமலே வெளியே போனார்.

தையல்காரர் அவர் பின்னால் ஓடினார். ஓட வேண்டிய தூரம் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில், அதே இடத்தில், சுவரைப் பிடித்தபடி மாப்பிள்ளை நின்றிருந்தார். இறங்குவதற்கே மூச்சு வாங்கியது.

"அடிக்கணும்னா அடிச்சிடுங்க. ஆனா கால்ல ஊசி குத்திட்டேன், உங்களுக்குத் தெரியலை. பாருங்க, சாக்ஸ் நனைஞ்சிருக்கும்."

மாப்பிள்ளை குனிந்து பார்க்க முயன்றார். வயிறு தடுத்தது. தையல்காரரே கீழே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸில் இருந்த சிவப்பைக் காட்டினார். பிறகு டாக்ஸிக்காரரின் பேன்ட்டைப் பற்றிச் சொன்னார். இடது காலைத் தன் கையாலேயே மூடித் தைத்ததைச் சொன்னார்.

மாப்பிள்ளை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே தையல்காரரை ஏற இறங்கப் பார்த்து, "உங்க இடுப்பு எத்தனை?" என்றார்.

"தெரியாது. எலாஸ்டிக் வச்சுத் தைச்சுக்கிட்டேன். அளந்து ரொம்ப வருஷமாச்சு."

"ஊரை ஏமாத்துறதுக்கு முந்தியே உங்களையும் ஏமாத்திக்கிட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கையை நீட்டினார். தையல்காரர் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலை இருவரும் வெறும் வயிற்றோடு மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தார்கள். தையல்காரருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் இருந்தன. டாக்டர் பெண், வயதில் மாப்பிள்ளையின் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். பாதத்தின் ஒவ்வோர் இடத்திலும் மெல்லிய நைலான் இழை ஒன்றால் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பல இடங்களில் மாப்பிள்ளை பேசாமல் இருந்தார்.

"காலுக்கு இப்போதைக்குப் பயம் இல்லை. விரலை மட்டும் இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. இன்னைக்கே மருந்து தொடங்கிடுவோம். சிகரெட்டை இன்னையோட விட்டுடணும், அதுல பேச்சே இல்லை. புண்ணு ஆறுற வரைக்கும் இந்தக் காலுக்கு ஓய்வு. ஆறினதும் தினமும் நடக்கணும். தினமும் பாதத்தைப் பார்க்கணும், குனிய முடியலைன்னா கண்ணாடி வச்சுப் பாருங்க" என்றாள். பிறகு கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, "இந்த வயிறு எப்ப இருந்து போட ஆரம்பிச்சுது? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது டாக்டர். இவரைக் கேளுங்க" என்றார்.

டாக்டர் திரும்பினாள். தையல்காரரின் கை கழுத்துக்குப் போனது. டேப்பைக் கடையிலேயே விட்டு வந்திருந்தார்.

"இவர் பொண்ணு காலேஜ்ல சேர்ந்த வருஷம், ரெண்டு இஞ்சு" என்று தொடங்கினார். ஒவ்வொரு வருஷமாகச் சொல்லி முடித்தார். எதையும் விடவில்லை.

"இவ்வளவு சரியா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்மா ஒவ்வொரு தடவையும் பிரிச்சு விட்டேன்" என்றார் தையல்காரர்.