மடக்கிய நாற்காலி

இரும்புலியூரில் தன் அப்பா பெயரில் அரிகிருஷ்ணன் நடத்தி வந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்டம் இருந்தது. வாசலேறி வருகிறவரை முகம் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் நெல் விளைந்த காலத்திலிருந்தே அவர்கள் வீட்டு மரியாதை அது.

பன்றிக் காய்ச்சல் பரவிய 2009 ஆகஸ்டில், டாக்டரான மகன் தனசேகர் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மாஸ்க் கொடுத்தான். வரவேற்பு மேசையில் இருந்த வினிதாவும் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். அரிகிருஷ்ணன் மேசையருகே வந்து நின்றார்.

"என்னம்மா, திருட வந்தவ மாதிரி மூஞ்சிய மூடிட்டு? நோயே நம்மகிட்டதான் இருக்குன்னு ஜனம் நெனைக்கும். கழட்டு."

"டாக்டர்தான் சார் குடுத்தாரு."

"அந்த டாக்டரைப் பெத்தவன் நான்."

வினிதா சிரித்துவிட்டாள். மாஸ்க்கைக் கழற்றி, மடித்து, இழுப்பறையில் வைத்தாள்.

பத்தே நாளில் காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம், வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அப்பாவும் மகனும் கோவளத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். காரில் தனசேகர் மெல்லச் சொன்னான்: "பஸ்ல தொத்திக்கிச்சுன்னு பேசிக்கிறாங்கப்பா. அப்படியே விட்டுடலாம். தாத்தா பேரு இருக்கு."

அதுதான் சரி என்றே அரிகிருஷ்ணனுக்கும் பட்டது.

மீன் கூடைகள் கவிழ்த்துக் கிடந்த வாசலில், வினிதாவின் அம்மா கங்கையம்மாள் எழுந்து நின்றாள். அழுது அழுது குரலே இல்லை. ஆனாலும் இரும்பு நாற்காலியை விரித்து, முந்தானையால் துடைத்தாள்.

"குந்துங்க சார். எம்பொண்ணு உங்கள அப்பா மாதிரின்னு சொல்லும்."

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"வூட்ல மாஸ்க்கு போட்டுகினுதான் இருந்துச்சு சார். என்னியே கிட்ட சேக்கல. ஆஸ்பத்திரில கயட்டிட்டு குந்தினு இருந்துச்சாம், பாத்தவங்க சொல்றாங்க. புத்தி கெட்டவ, புள்ளையவும் சேத்துக் கொன்னுட்டான்னு அது மாமியா ஏசுது. எம்பொண்ணு அப்டியா சார்?"

தனசேகர் அப்பாவின் முழங்கையைத் தொட்டான். அரிகிருஷ்ணன் கையை விலக்கிக்கொண்டார்.

"நான்தாம்மா கழட்டச் சொன்னேன். அவ மேல தப்பில்ல. அவ மாமியார்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

கங்கையம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். குனிந்து அந்த நாற்காலியை மடக்கி, சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.