செல் இல்லாத வரிசை

அந்த மூலிகைச் சாற்றின் வாடை எனக்குப் பழகவே இல்லை. நனைந்த சாக்கை மடித்து வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக எத்தனையோ சாறு பார்த்தாயிற்று. இது ஒன்றுதான் சாப்பிட உட்காரும்போதும் விரலில் இருந்துகொண்டு உயிரை வாங்குகிறது.

செய்வது சின்ன வேலைதான். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்து, மேலே சாற்றை விட்டு ஒரு நாள் வைக்க வேண்டும். மறுநாள் மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. ஊதாவை அளந்து, நூற்றுக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கருவி சொல்லிவிடும். இந்தச் சாறு போன வருடமே தேறி, டானிக்காக விற்பனையில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் கையெழுத்து என்னுடையது. இப்போது புதுச் சரக்குக்கு மறுபடி சோதனை.

நேற்று கடைசி வரிசையில் செல் போட மறந்துவிட்டேன். சாற்றை மட்டும் விட்டிருக்கிறேன். இன்று என்னையே திட்டிக்கொண்டு, சாயம் விட்ட தட்டைக் கருவியில் வைத்தேன். கடைசி வரிசைக்கு வந்த எண் தொண்ணூற்றெட்டு. ஒரு செல்கூட இல்லாத குழியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உயிரோடு இருக்கின்றனவாம்.

வெறும் சாற்றில் சாயத்தைக் கலந்து பார்த்தேன். தானாகவே ஊதாவானது. அதே சாறு விட்டு, சாயம் இன்னும் விடாத இன்னொரு தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அடியில் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டிய செல்கள் சுருங்கி உருண்டு, திரிந்த பால் மாதிரி மிதந்தன. அத்தனையும் செத்திருந்தன. போன வருடம் நான் இதைப் பார்க்கவே இல்லை. எண்ணைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, விரலை நக்கிப் புது ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"அந்தக் கடைசி வரிசைய விட்டுடுங்க. செல் போடாதது உங்க தப்பு. அத எதுக்குக் காட்டணும்?"

"ஆளே இல்லாத வீட்டுல எல்லாரும் சௌக்கியம்னு எழுதச் சொல்றீங்களா சார்?"

"முறைப்படி டெஸ்ட் பண்ணியாச்சு, நம்பர் வந்தாச்சு. போன தடவை போட்டீங்கல்ல, அதே கையெழுத்துதான்."

அந்த ஈர விரல் என் பெயருக்கு மேல் இருந்தது. அந்தக் காகிதத்தைத் தொடவே கூசியது. மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்தேன். "போட வேற ஆள் இருக்காங்க," என்றார் பின்னாலிருந்து, கோபம்கூட இல்லாமல்.

என்னவோ பெரிய நியாயவாதி மாதிரி வீட்டுக்கு வந்தேன். அக்கா சமையலறையில் நின்றுகொண்டு அந்த டானிக்கை மூடியில் அளந்துகொண்டிருந்தாள். கல்லீரலில் கொழுப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நாலு மாதமாகக் குடிக்கிறாள். கையிலிருந்து பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன்.

"ஏண்டி, கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. இது செல்லைக் கொல்லுது. போன வருஷம் நான் சரியாப் பாக்காம நல்லதுன்னு எழுதிட்டேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"மாடி வீட்டுக்காரிக்கு ரெண்டு பாட்டில் வாங்கிக் குடுத்தேனே. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. என் தங்கச்சியே டெஸ்ட் பண்ணதுன்னு சொல்லித்தான் குடிக்க வச்சேன்."

"நீ இரு. நான் போய்ச் சொல்றேன்."

"நானும் வரேன். குடுத்தது நான்தானே."

இரண்டு பேரும் மாடியேறினோம். மணியை அடித்தது நான். கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாகி, "உங்களுக்கு நூறு ஆயுசு. இப்பதான் உங்க டானிக்கக் குடிச்சேன்," என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த வாடை என் முகத்தில் அடித்தது.