ஏழாம் நம்பர் வரவேண்டும்

வேட்டுவப்பாளையத்தில் 1971 பிப்ரவரி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிய கார் பந்தயம் இன்னும் முடியவில்லை. பன்னிரண்டு வண்டி கிளம்பியது. பதினொன்று வந்து சேர்ந்தாயிற்று. ஏழாம் நம்பர் வரவேண்டும்.

ஏழாம் நம்பர் கெங்குசாமியுடையது. சிவப்பு வண்டி. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, கப்பலில் வந்து இறங்கியது. கடைசிச் சுற்றில் ரேடியேட்டர் கொதித்தது. வழியிலேயே அவர் அப்பாவின் பஞ்சு குடோன். வண்டியை உள்ளே திருப்பி நிறுத்திவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து அப்பா குடோனைப் பூட்டினார்.

"ரேஸ் முடியட்டும், தொறந்து விடறேன்" என்றார்.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். ரேஸ் முடியவில்லை, அதனால் திறக்கவில்லை. வண்டி உள்ளே இருந்தது, அதனால் ரேஸ் முடியவில்லை. பதினாறு வருஷம் கழித்துச் சாவியை இடுப்பில் முடிந்தபடியே அப்பா போய்ச் சேர்ந்தார். பங்காளிகள் குடோனுக்கு வழக்குப் போட்டார்கள். கதவில் அரக்கு சீல் விழுந்தது. கெங்குசாமி கல்யாணம் பண்ணிக்கொண்டார். தாலி கட்டும்போதும் சட்டையில் ஏழாம் நம்பர் இருந்தது. பந்தயத்தில் இருக்கிறவன் நம்பரைக் கழற்றக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. பந்தயம் முடியும்வரை போட்டியாளர் எவரும் போகக் கூடாது. எவரும் போகவில்லை. கொடி ஆட்டுகிற பெர்னாண்டஸ் செத்தார், மைக்கில் பேசுகிறவர் செத்தார், ஆம்புலன்ஸோடு வந்த டாக்டரும் செத்தார். போட்டியாளர் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். முதலில் வந்த ராமபத்ரனுக்குத் தொண்ணூற்றாறு வயது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்துத் தகரப் பந்தலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். டாக்டர்கள் மூன்று முறை கைவிரித்தார்கள். மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். வேறு என்ன செய்வார்.

போன வாரம் வழக்கு தீர்ந்தது. கோர்ட் அமீனா வந்து பூட்டை உடைத்தார். மக்கிப்போன பஞ்சுப் பொதிகளை இழுத்துப் போட்டால், பின்னால் வண்டி. ஓட்டுகிறவர் சீட்டில் ஒரு கீரி குட்டிகளோடு குடியிருந்தது. கெங்குசாமியைப் பார்த்ததும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போயிற்று.

பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். சுட்டது. ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகினார். ஆவி புஸ்ஸென்று வந்தது. கொதி அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தண்ணீர் ஊற்றினார்.

பெர்னாண்டஸின் மகள் ஸ்டெல்லா மொபெட்டில் வந்து நின்றாள். அப்பாவுக்குப் பிறகு கொடி அவளிடம்தான் இருந்தது.

"எப்பங்கய்யா வர்றீங்க? ராமபத்ரன் அய்யா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"ரேஸ் ஓட்டிட்டிருக்கறவங்கிட்ட வந்து எப்போன்னா கேப்பாங்க? போ அம்மணி."

அவள் போனாள். கெங்குசாமி வண்டிச் சாவியைத் திருகினார். இரண்டாவது திருகில் பிடித்துக்கொண்டது.

மீதி ஒன்றரை மைல் இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வீடுகள் வந்திருந்தன. ஜனங்கள் பிள்ளைகளை ஓரமாக இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். ஸ்டியரிங் அவர் கைக்கு அப்படியே அடங்கியது. மூன்றாவது கியருக்குப் போகும்போது ஒரு சின்ன முனகல் உண்டு. அதுவும் இருந்தது. பழைய தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் வண்டி தானாகவே உள்பக்கம் ஒட்டிப் போயிற்று.

முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டார்.

ராமபத்ரன் கட்டிலைவிட்டு எழுந்து, பாதையோரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பிடித்து வந்தார். சட்டையில் மூன்றாம் நம்பர் வெளுத்து, தையல் மட்டும் தெரிந்தது.

"ஏப்பா கெங்கு, ஏன் நின்னுட்டே?"

"பன்னண்டாவதா வர்றதுக்காண்ணா அம்பத்து மூணு வருசம்?"

"பதிமூணாவதா ஒருத்தன் இருந்தா உனக்குப் பின்னாடி விட்டிருப்பேன். இல்லையே."

"நக்கலுக்கு மட்டும் கொறச்சலில்லை."

ராமபத்ரன் பானெட்டைத் தடவினார். "வண்டி நல்லாத்தான் இருக்குது."

"அதான். ஒன்றரை மைலுதான் ஓட்டியிருக்கேன். கோட்டைத் தாண்டினா நானும் போகோணும்."

"போகோணும்தான்."

"எனக்கு எழுபத்தொம்பதுதான் ஆகுது."

ராமபத்ரன் கயிற்றில் சாய்ந்துகொண்டார். "முன்னாடி போயி இருக்கறேன், சீக்கிரம் வந்துருங்கன்னுட்டுப் போனா எங்க வீட்டுக்காரி கமலம். பதினோரு வருசமாச்சு. தெனமும் கனவுல வந்து எங்கே எங்கேன்னு கேக்கறா. கெங்கு வரலைன்னு சொல்றேன். அவ நம்பறதில்லப்பா" என்றார்.

கெங்குசாமி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சீராக ஓடியது. தண்ணீர் ஊற்றியது நல்லதாகப் போயிற்று.

"தள்ளி நில்லுங்கண்ணா. கால்ல ஏத்திரப் போறேன்."

முதல் கியரில் போட்டார். பத்தடியும் மெதுவாகத்தான் போனார். ஸ்டெல்லா கொடியை ஆட்டினாள்.

கோப்பையை ராமபத்ரனிடம் கொடுத்தார்கள். தட்டிப் பார்த்தார். "பித்தளை. இதுக்கா இத்தனை நாளுன்னு திட்டுவா" என்று சொல்லி ஸ்டெல்லாவிடமே திருப்பிக் கொடுத்தார். ஸ்டெல்லா விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். வந்த வரிசைப்படிதான் போகவேண்டும். முன்னால் வந்தவர் போகாமல் பின்னால் வந்தவர் போகக் கூடாது. ராமபத்ரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் நேராகப் படுத்தார். முகத்தில் அவசரம் தெரிந்தது. போய்விட்டார். அடுத்தவர் போனார். சாயங்காலம் நாலு மணிக்குள் பத்துப் பேர் போயாயிற்று.

பதினோராவதாக வந்தவர் வேலாயுதம். எண்பத்து நாலு. தன் வண்டிக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"அழுக்கோட விட்டுட்டுப் போக மனசு வரலைப்பா. தொடச்சு மாட்டிட்டுக் கெளம்பறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

வேலாயுதம் ஒரு சின்னத் திருகாணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பொறுமையாச் செஞ்சா ஒரு பதினஞ்சு வருசம்."

கெங்குசாமி சிவப்பு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தார். பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து வந்து, வேலாயுதத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"முடிச்சுட்டு இதையும் ஒரு தடவை பாத்துருங்க" என்றார்.