ஒற்றைப் பிரேக்

அன்று காலை வானத்தில் இருந்தவரை அய்யப்பன் ஒழுங்காகத்தான் ஓட்டினான். வம்பு தரையில் வந்தது. பயிற்சி விமானம் இறங்கி மெதுவாக உருண்டுகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த பயிற்சியாளர் தேவிப்ரியா, "லெஃப்ட்ல திருப்புங்க" என்றார். டிராக்டரைப் போலவே விமானத்துக்கும் இடது சக்கரத்துக்கொன்று, வலது சக்கரத்துக்கொன்று என இரண்டு பிரேக். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு இழுத்துப் பழகிய கால், வரப்போரம் டிராக்டரைத் திருப்புவதாக நினைத்து இடது பிரேக்கை ஓங்கி மிதித்தது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லில் இறங்கி, ஓர் அறிவிப்புப் பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது.

"சார், இது உழவு இல்ல."

"பழக்கம் மேடம். பின்னால கலப்பை மாட்டாதது நம்ம நல்ல நேரம்."

விமானி உரிமம் வாங்க டாக்டர் சான்று வேண்டும், ரேடியோவில் பேசிக் காட்ட வேண்டும், நாற்பது மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். பரீட்சைகள் தனி. மேகம் பார்த்தே விதைத்தவன் வானிலைப் பாடத்தில் இரண்டு முறை தோற்றதில் ஊருக்கே சந்தோஷம். அவன் விடவில்லை. உரிமம் இருந்தால்தான் ஆள் ஏற்றலாம். ஏற்ற வேண்டிய ஆள், அவன் மனைவி நர்மதா.

கல்யாணமான புதிதில் இருவரும் பைக்கில் கரியாலூர் போனார்கள். மலைவளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தினான். கீழே பச்சைக்கு நடுவில் ஆலைப் புகை நூலாக எழும்பிக்கொண்டிருந்தது. பலாச்சுளையை மென்றபடி அவள் கேட்டாள்: "இன்னும் மேல போனா நம்ம வூடு தெரியுமா?" காற்றில் அவள் முந்தானை அவன் வாயை அடைத்துக்கொண்டது, பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் விமானம் தரையை விட்டு எழும்பும்போது அவனுக்குப் பலாப்பழ வாசனை அடிக்கும். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் சான்றைப் பிடுங்கிக்கொள்வார்.

சாயங்காலம் வீடு வந்து நடந்ததைச் சொன்னான். மாட்டுக்குத் தீவனம் நறுக்கிக்கொண்டிருந்த நர்மதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பலகைக்கு அடி ஜாஸ்தியா?"

"பலகைக்குக் கம்மி. எனக்குத்தான் மானம் போச்சி. அத வுடு. லைசென்ஸ் வந்தா எங்கூட ஏறுவியா?"

இதற்கு அவள் இதுவரை சொன்னதெல்லாம் 'பாக்கலாம்', 'மொதல்ல வாங்குங்க', 'சோறு ஆறுது'.

"இன்னிக்காவது நேரா சொல்லு, நர்மதா."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"ஏற மாட்டேன் மாமா. எனக்கு பயம். உங்களுக்குப் புடிச்சிருக்குது, போறீங்க. போங்க. எனக்காகத்தான்னு மட்டும் இனிமே சொல்லிக்கினு இருக்காதீங்க."