ஷெட்டுக்குப் போன வயர்

டெகன் கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வரப்போகிற நேரத்தில்தான் படம் நின்றது. நோலீனின் போனில் மகளின் தோளில் பாதியும், ஆஸ்திரேலியாவின் வடகோடி டார்வின் நகரத்துத் துணிக்கடையின் ஊதாத் திரையும் அப்படியே உறைந்து கிடந்தன.

“டெகன்? கேக்குதா? டெகன்!”

நோலீன் திரும்பி, ஃபிரிட்ஜின் மேல் இருந்த ரவுட்டரைப் பார்த்தாள். வைஃபை விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு. ஆறு வாரமாக இதே கதை. பிளக்கைப் பிடுங்கினாள், முப்பது வரை எண்ணினாள், மறுபடி சொருகினாள். உயிர் வர நாலு நிமிஷம் ஆனது. அதற்குள் மகளிடமிருந்து செய்தி வந்து காத்திருந்தது.

“அம்மா, உன் லைன் போயிடுச்சு. கடை மூடற நேரம். அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டிட்டேன். லியான் அழுதே விட்டாங்க! உனக்கு போட்டோ அனுப்பறேன்.”

நோலீன் போனைக் கவிழ்த்து வைத்தாள். பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, அழுவதற்கு அவளா கிடைத்தாள்?

புருஷன் டாரில் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம். போனவன் தூரமாகவாவது போயிருக்கலாம். பதினைந்து நிமிஷம் கார் ஓட்டினால் வரும் மில்டுராவில், லியானின் வீட்டில் போய்க் குடியேறினான். தெற்கே ரெட் கிளிஃப்ஸ் ஊரின் விளிம்பில் இருந்த பழைய வீட்டில் நோலீன் தனியாகத் தங்கிவிட்டாள். ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை டெகனோடு பேச்சு, இவ்வளவுதான் அவள் வாரம். அந்தப் பேச்சும் இப்போது பாதியில் அறுந்து, மீதி லியான் வீட்டில் போய் முடிந்தது. யார் யாரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாயிற்று, கேக் யார் செய்கிறார்கள், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதுவரை எல்லாம் லியானுக்குத் தெரிந்த பிறகுதான் நோலீனுக்குத் தெரிந்தது.

“லியான் வீட்ல ஏன் கட்டாகறதே இல்ல?” என்று ஒருமுறை மகளிடம் கேட்டேவிட்டாள்.

“அவங்க ரவுட்டர் நல்லதா இருக்கும்மா. நாலு ஆன்டெனா வெச்சது.”

மறுநாளே நோலீன் மில்டுராவுக்குப் போய் ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரை வாங்கி வந்தாள். மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி அது ஃபிரிட்ஜின் மேல் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. அன்று சாயங்காலமே அதுவும் சிவப்பைக் காட்டியது. கேபிளை மாற்றினாள். மைக்ரோவேவைத் தள்ளி வைத்தாள். கம்பெனிக்கு போன் செய்தாள்.

“நோலீன், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றீங்களா?” என்றான் மறுமுனையில் ஒருவன்.

“கண்ணு, இன்னைக்கு மட்டும் ஏழு தடவை பண்ணிட்டேன். நீ வந்து பண்ணினா வேலை செய்யுமோ என்னவோ.”

அவன் ஆள் அனுப்பினான். வந்தவர் செமிசி என்ற டோங்கா தீவுக்காரர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். தெருக்கம்பத்தடியில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார், அடுப்படியில் மாட்டிப் பார்த்தார்.

“தெரு வரைக்கும் லைன் சுத்தமா இருக்கு. கோளாறு வீட்டுக்குள்ள. நெட் வர்றது போன் வயர்லதான். வேற எங்கேயாவது சுவத்துல போன் மாட்டற பாயின்ட் இருக்கா? பழசு, உபயோகத்துல இல்லாதது?”

“அடுப்படில இருக்கே, அது ஒண்ணுதான். முப்பது வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

செமிசி உதட்டைப் பிதுக்கினார். “அப்ப உள் வயரிங்தான். நீங்கதான் தனியா ஆள் வெச்சுப் பாக்கணும்.”

உடுப்பு விஷயம் நடந்தது அதற்கு மறு வாரம். போட்டோ வந்ததும் நோலீன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மகள் அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு யாரையோ பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதை நினைத்து நினைத்து அந்த வாரம் முழுக்க அவள் பழங்களைத் தவறான பெட்டியில் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் வாசலில் கார் நின்றது. கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் லியான் நின்றாள். கையில் ஒரு டார்ச் லைட். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் இந்த வாசலை மிதித்ததில்லை.

“டெகன் அனுப்பினாளா?” என்றாள் நோலீன், கதவைத் திறக்காமல்.

“இல்ல. நானாத்தான் வந்தேன். உங்க நெட் விஷயமா.”

“ஓஹோ, இப்ப ரவுட்டர் வைத்தியமும் பாக்கறீங்களா? உடுப்பு பாத்து அழற வேலைதான் உங்களுதுன்னு நெனச்சேன்.”

லியானின் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. “திட்டணும்னா திட்டிக்குங்க. எங்க வீட்லயும் முந்தி இதே கூத்துதான். பழைய போன் பாயின்ட் ஒண்ணு கராஜ்ல துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. அதைக் கழட்டினதும் சரியாச்சு. லைன்ல எங்கேயோ தொங்கிட்டிருக்கற வயர் துருப்பிடிச்சா மொத்தத்தையும் கெடுக்குமாம்.”

“இங்க அப்படி எதுவும் இல்ல.”

“இருக்கு, நோலீன்.” லியான் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஷெட்டுல.”

கொல்லையில் இருந்த அந்தத் தகர ஷெட் டாரிலின் ராஜ்யமாக இருந்தது. அவன் போன பிறகு நோலீன் அதில் புல்வெட்டும் இயந்திரத்தை வைத்து எடுத்ததோடு சரி. இருவரும் கொல்லைப் பக்கம் நடந்தார்கள். லியான் உள்ளே போய்ச் சற்று நின்று பார்த்தாள். பிறகு பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய அலமாரியை மூச்சுப் பிடித்து ஓரடி நகர்த்தினாள். சுவரில், முழங்கால் உயரத்தில், பழுப்பேறிய போன் பாயின்ட் ஒன்று இருந்தது. மூடி உடைந்து, உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பசேலென்று பூத்திருந்தன. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய வயர் ஒன்று தகரத்தை ஒட்டியே போய், வேலியோரமாக வீட்டுக்கு அடியில் நுழைந்தது.

நோலீன் குனிந்து பார்த்தாள். வேலை டாரிலுடையதுதான். ஆணிக்கு ஆணி ஒரு சாண் இடைவெளி, அளந்து அடித்தாற்போல். அவன் அப்படித்தான் அடிப்பான்.

“இது இங்க இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?” ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

லியான் அலமாரியைப் பிடித்தபடி, கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்தப் பக்கம் போனை எடுத்தவ நான்தான்.”

நோலீனுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் போவதற்கு முந்தின இரண்டு வருஷமும் அவள் தினம் அவன் கைபேசியை எடுத்துப் பார்த்தவள். அவன் பாத்ரூமுக்குப் போனால் பார்ப்பாள், தூங்கினால் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. “சந்தேகப் பேய் பிடிச்சு ஆட்டுது உன்னை” என்று டாரில் மகள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பான். அவன் போன அன்று பத்தொன்பது வயசு டெகன் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள்: “நீதாம்மா அப்பாவை விரட்டின. இல்லாததைச் சொல்லிச் சொல்லியே விரட்டின.” தான்தான் விரட்டினோமோ என்று நோலீனே பாதி நம்பிப்போய்விட்டாள். டாக்டரிடம்கூடப் போய்வந்தாள்.

“எப்பல்லாம் பேசுவீங்க?”

“நீங்க மத்தியான ஷிஃப்ட் போவீங்களே, அப்ப. டெகன் பரீட்சைக்குப் படிச்சுட்டு வீட்ல இருப்பா. அதான் இங்க வந்து பேசுவார். பெயின்ட் அலமாரிக்குப் பின்னாடி போனை மறைச்சு வெச்சிருக்கேன்னு அவரே சொல்வார். உள்ளூர் கால், பில்லுல நம்பர் வராது.” லியானின் குரல் தேய்ந்தது. “நெட் கட்டாகுதுன்னு டெகன் சொன்ன அன்னைக்கே எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஆறு வாரமா வாயைத் திறக்கல. போன வாரம் அந்த உடுப்பைப் பாத்தேன் பாருங்க, அப்ப அவ ‘அம்மா பாக்கலையே’ன்னு விசும்பினா. நான் அழுததும் அதுக்குத்தான். அது நான் பாக்க வேண்டியது இல்ல.”

“நீ பாத்ததெல்லாம் நீ பாக்க வேண்டியது இல்லதான்” என்றாள் நோலீன். “என் புருஷனையும் சேத்து.”

அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. இந்தப் பெண்ணின் மூக்கு நுனியைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. நான் பைத்தியம் இல்லை. நான் நினைத்தது சரிதான். ஒன்பது வருஷம் கழித்து, அதுவும் இவள் வாயால்.

ஷெட் மேசையின் இழுப்பறையைத் துழாவிக் குறடை எடுத்தாள். அடுப்படிக்குப் போய், ரவுட்டரை நிறுத்திவிட்டு, சுவரிலிருந்த போன் பாயின்ட்டின் மூடியைக் கழற்றினாள். தெருவிலிருந்து வந்த தடித்த வயரோடு கள்ளத்தனமாக ஒட்டிக்கொண்டு அந்த மெல்லிய வயர் தெரிந்தது. பின்னாலேயே வந்த லியான் டார்ச் அடித்தாள். “இதானே?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, நோலீன் அதை ஒட்ட நறுக்கினாள். ரவுட்டரைப் போட்டாள். இரண்டு பேரும் நின்றபடியே பார்த்தார்கள். சிவப்பு, பிறகு சிமிட்டல், பிறகு பச்சை. அரை மணி நேரம் பார்த்தார்கள். பச்சை அசையவில்லை. நோலீன் அவளை உட்காரச் சொல்லவில்லை, டீ வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

“வரேன்” என்றாள் லியான்.

“சரி” என்றாள் நோலீன். கார் கிளம்பும்வரை வாசலில் நின்றாள்.

மறுநாள் டெகன் கூப்பிட்டாள். பத்து நிமிஷம், இருபது, ஒரு மணி நேரம். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. உடுப்பை இன்னொரு தரம் போட்டுக்கொண்டு வந்து, முன்னும் பின்னும் சுற்றிக் காட்டினாள். இடுப்பில் கொஞ்சம் தளர்ச்சி இருப்பதை நோலீன் மட்டும்தான் கண்டுபிடித்தாள். கடைக்காரிக்கும் தெரியவில்லை, லியானுக்கும் தெரியவில்லை. அதில் அவளுக்கு அற்பமான ஒரு சந்தோஷம்.

“ஆமா, கடைசில என்னதாம்மா கோளாறு?”

நோலீன் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த பதில் ‘பழைய வயர்’ என்பது. அதைச் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“யார் போட்ட வயர்?”

“உங்கப்பா போட்டது. ஷெட்டுல ஒரு போன் வெச்சிருந்தார். எதுக்குன்னு என்னைக் கேக்காத, அவரையே கேளு.”

டெகன் உடுப்போடு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு, “நேத்து காலைல லியான் வீட்ல இல்லையே, அங்க வந்தாங்களா?” என்றாள்.

“வந்தா. அவதான் காட்டினா.”

டெகன் அப்பாவைக் கேட்டாள் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் டாரில் போன் செய்து, பழையதைக் கிளறுகிறாய், கல்யாண நேரத்தில் கலகம் பண்ணுகிறாய் என்று சத்தம் போட்டான். அவன் பேசி முடிக்கும்வரை விட்டுவிட்டு, “கேட்டுட்டேன் டாரில்” என்று நோலீன் போனை வைத்தாள். லியான் டெகனிடம் எதையும் மறைக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அதுவும் நோலீனுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் நல்லவளாகவும் இருக்க வேண்டுமா?

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் டெகன் மறுபடி கூப்பிட்டாள். வழக்கமில்லாத நாள். கண் வீங்கியிருந்தது.

“அம்மா, அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு உன்னைச் சொன்னேனே...”

“சின்னப் பொண்ணு நீ. விடு.”

“விடமாட்டேன். மன்னிச்சுடும்மா.” மூக்கை உறிஞ்சினாள். “நீ ஒரு வாரம் முன்னாடியே டார்வினுக்கு வந்துடு. இடுப்பைப் பிடிக்கணும்னியே, நீயே வந்து நின்னு பிடி. லியானும் அப்பாவும் கல்யாணத்துக்கு மொத நாள்தான் வருவாங்க.”

“மொத நாளா?” என்றாள் நோலீன். “நீ சொன்னியா, அவங்களா சொன்னாங்களா?”

“லியான்தான் சொன்னாங்க.”

நோலீனுக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்கிற இடத்திலும் லியானேதான் நிற்கிறாள். ஆனாலும் அந்த ஒரு வாரத்தை வேண்டாமென்று சொல்ல அவள் ஒன்றும் மகாத்மா அல்ல. கொட்டகை மேற்பார்வையாளரிடம் லீவு கேட்க வேண்டிய தேதிகளைக் காலண்டரில் தேட எழுந்தாள்.